ரெவிட் மாடலைப் பகிர்ந்து வேலை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கடைவீட்டு மாடிகளில் நாலைந்து பேரோடு நடக்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் பெரும்பாலும் தனி ஐடி ஆள் கிடையாது. மூலையில் ஒரு சின்ன சர்வர், ஆட்டோடெஸ்கின் கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் எல்லாரும் வரைவது ஒரே கட்டடம். மாடல் கெடுவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம், எல்லாருக்கும் பொதுவாகச் சர்வரில் இருக்கும் மூல மாடலான சென்ட்ரல் ஃபைலைச் சாதாரண ஃபைல் போலக் கையாள்வது.

அதை நேரடியாகத் திறந்து வரையாதீர்கள். திறக்கும்போது 'கிரியேட் நியூ லோக்கல்' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியில் ஒரு லோக்கல் காப்பி உருவாகும், வரைவதெல்லாம் அதில்தான். சிங்க் செய்தால் உங்கள் மாற்றம் சென்ட்ரலுக்குப் போகும், மற்றவர்கள் செய்தது உங்களுக்கு வரும். தினமும் காலையில் புது லோக்கல் எடுப்பது நல்லது.

சென்ட்ரலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவதும் பெயர் மாற்றுவதும் அடுத்த வினை. அது இருக்கும் முகவரியை ஒவ்வொரு லோக்கலும் தனக்குள் வைத்திருக்கிறது. முகவரி மாறினால் சிங்க் நின்றுவிடும். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் சிங்க் செய்து மூடிய பிறகு, ஒருவர் மட்டும் 'டிடாச்' செய்து, அதாவது பழைய சென்ட்ரலோடு உள்ள தொடர்பை அறுத்து, திறந்து, புது இடத்தில் சென்ட்ரலாகச் சேமிக்கட்டும். பக்கத்தில் பேக்கப் என்று முடியும் ஃபோல்டரை, இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிட வேண்டாம்.

இதைவிட மோசமானது, வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி என்று சென்ட்ரலை டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ போடுவது. அப்போது ஆளுக்கொரு சென்ட்ரல் ஆகிவிடும். ஒருவர் எடுத்த சுவரை இன்னொருவர் தொடாதபடி காக்கும் பூட்டு வேலை செய்யாது. இருவர் உழைப்பில் ஒன்று காணாமல் போகும். இந்த விஷயத்தில் எனக்குச் சமரசமே இல்லை.

ஒரே ஆட்டோடெஸ்க் கணக்கில் இருவர் நுழைந்தாலும் இதே ஆபத்துதான், ரெவிட் இருவரையும் ஒரே ஆளாக எண்ணிக்கொள்ளும். ரெவிட் 2024 பதிப்பில் இருக்கும் மாடலை ஒருவர் 2025 பதிப்பில் திறந்து சேமித்தால் திரும்ப 2024-க்குக் கொண்டுவர முடியாது. அதனால் எல்லாரும் ஒரே பதிப்பில் இருங்கள். கிளம்பும் முன் சிங்க் செய்து, உங்கள் பெயரில் எடுத்த வொர்க்செட்டுகளை, அதாவது மாடலின் பகுதிகளை, விட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

அப்புறம், வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். கோலாலம்பூரின் மாலை இடிமழையில் மின்சாரம் போய் சிங்க் பாதியில் அறுந்தால் மாடலே கெடலாம்; சர்வருக்கும் நெட்வொர்க் சுவிட்ச்சுக்கும் ஒரு யுபிஎஸ் வைத்துவிடுங்கள்.