தண்ணீரில் நிற்கும் செட்டிஹள்ளி கோவிலுக்கு ஒரு வார இறுதிப் பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அக்டோபர் வந்தால் பெங்களூரில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எங்கேயாவது இரண்டு நாள் போய் வரலாம் என்று ஆசை வந்துவிடும். பிள்ளைகளுக்கு தசரா விடுமுறை, வெயிலும் அதிகம் இல்லை, ஊரைத் தாண்டினால் ராகி வயலெல்லாம் பச்சையாக நிற்கும். ஆனால் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை (திருப்பலி) என்ன ஆவது, வயதானவர்களை எப்படிக் கூட்டிப் போவது என்று பேசிப் பேசியே மாதம் போய்விடும். நாங்கள் மூன்று வருடமாக ஹாசன் பக்கத்துச் செட்டிஹள்ளிக்குப் போகிறோம். ஹேமாவதி ஆற்றுத் தண்ணீருக்குள் கூரையில்லாமல் நிற்கிற பழைய ஜெபமாலை மாதா கோவிலைப் பார்க்கத்தான். அதை எப்படித் திட்டமிடுவது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

1. தேதி

1860 வாக்கில் பிரெஞ்சு மிஷனரிகள் ஆற்றங்கரையில் கட்டிய கோவில் இது. சுண்ணாம்போடு வெல்லமும் முட்டையும் கலந்து கட்டினார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பிற்பாடு கொரூரில் ஹேமாவதிக்கு அணை கட்டினார்கள், தேங்கிய தண்ணீர் ஊருக்குள் ஏறியது, குடும்பங்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தன, கோவில் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் நீங்கள் எந்த மாதம் போகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் பார்க்கப்போவதும். நல்ல மழை பெய்து அணை நிறைந்திருந்தால் அக்டோபரில் பாதிக் கோவில் தண்ணீருக்குள் இருக்கும், கோடையில் நடந்தே உள்ளே போகலாம். எங்களுக்கு அக்டோபர்தான் பிடிக்கும். அது ஜெபமாலை மாதம், 7ஆம் தேதி ஜெபமாலை மாதா திருநாள் வேறு.

ஒரு விஷயத்தை மறக்காமல் பாருங்கள். ஹாசன் ஊரில் ஹாசனாம்பா கோவில் வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளியை ஒட்டிச் சில நாட்கள்தான் திறப்பார்கள். அந்த நாட்களில் ஊரில் ஒரு அறை கிடைக்காது, சாலையிலும் நகர முடியாது. அது திறக்கிற தேதியை விசாரித்து, அதற்கு முந்தைய வார இறுதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பூசை நேரம், அறை எடுப்பதற்கு முன்னால்

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வருடம் அறை பதிவு செய்த இடத்தில் கேட்டோம், "காலையில் ஒன்பது மணிக்குப் பூசை இருக்கும் சார்" என்றார்கள், நம்பிவிட்டோம். ஞாயிறு காலை குளித்துக் கிளம்பி எட்டே முக்காலுக்கு ஹாசன் ஊர்க் கோவிலுக்குப் போய் நின்றால், ஏழு மணிப் பூசை முடிந்து கோவில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, நினைவு தெரிந்து ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார், பெங்களூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதற்கப்புறம் ஹாசன் பங்குக் கோவில் அலுவலகத்துக்கே அந்த வாரம் ஃபோன் போட்டு நேரம் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஞாயிறு காலை முடியாது என்றால், சனி மாலை பூசை இருக்கிறதா என்று கேளுங்கள். முந்தைய நாள் மாலையில் பூசை கண்டாலும் ஞாயிறு பூசை காண வேண்டிய கடன் நிறைவேறியதாகத் திருச்சபைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

பூசை கன்னடத்தில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக் கன்னடம் போதும், அத்தைக்குக் கஷ்டம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வருகின்றன, சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் தமிழில் படிப்பதும் ஹாசனில் கன்னடத்தில் படிப்பதும் ஒரே வாசகம்தான். சனி இரவு அறையில் எல்லோரும் உட்கார்ந்து அந்த வாசகங்களைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். மறுநாள் நற்செய்தி வாசிக்கும்போது அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார்.

3. தங்குமிடம்

ஹாசன் ஊருக்குள்ளேயே எடுங்கள். தோட்டத்து வீடுகள் அழகாக இருக்கும், ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்கு அங்கிருந்து கிளம்பி வருவது முதல் தடவைக்குச் சரிப்படாது. தரைத்தள அறை, சுடுதண்ணீர், இரண்டும் கேட்டு வாங்குங்கள்.

4. கட்டுச்சோறு

பொடி இட்லிதான். இட்லி நன்றாக ஆறின பிறகு, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் தளரக் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் அடுக்குங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து நசநசத்துவிடும். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால் விடியற்காலையில் சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறின பால் நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். மாவடு இருந்தால் போதும். ஒரு மடக்கு நாற்காலி, குடை, ஆளுக்கொரு மாற்றுச் செருப்பு, ராத்திரிக்கு ஸ்வெட்டர், குப்பைக்கு ஒரு பை, இவற்றையும் எடுத்து வையுங்கள்.

5. வழி

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வண்டி நகர வேண்டும். நாங்கள் லிங்கராஜபுரத்திலிருந்து ஹெப்பாள், கொரகுண்டேபாளையா வழியாகப் போவோம், ஆறு மணிக்கு மேல் ஆனால் பீன்யாவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். நெலமங்கலத்தில் தும்கூர் சாலையை விட்டு இடது பக்கம் ஹாசன் நெடுஞ்சாலை பிரியும், அப்புறம் குணிகல், சென்னராயபட்டணம், ஹாசன் என்று நேர் வழிதான். குணிகல் தாண்டி நிழலாகப் பார்த்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். கார் இல்லாதவர்கள் யஷ்வந்த்பூரிலிருந்து குணிகல் வழியாக ஹாசனுக்கு ரயிலில் போய், அங்கே ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளலாம். ஹாசனிலிருந்து செட்டிஹள்ளி இருபது கிலோமீட்டர் சொச்சம்.

ஹாசனிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். கோவில் பக்கத்தில் கடையோ கழிப்பறையோ இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

6. கோவிலில்

பத்து பத்தரைக்குள் போய்விடுங்கள். அக்டோபரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். கரையில் களிமண் வழுக்கும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவர்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன, தண்ணீர் வற்றின மாதத்தில் போனாலும் யாரும் ஏற வேண்டாம். பரிசல் கிடைத்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஃபோட்டோ எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வந்தவுடன் முதல் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வளைவு வளைவாக நிற்கிற சுவரில் ஒவ்வொரு வருடத்துத் தண்ணீரும் ஒரு கறைக்கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றாக. ஜன்னல் வளைவுக்குள் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும். காற்றடித்தால் சிற்றலை சுவரில் மோதுகிற சத்தம் கரைவரை கேட்கும்.

நாங்கள் அங்கேதான் ஜெபமாலை சொல்வோம். அத்தையை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்கள் பாய் விரித்துக்கொள்வோம். சனிக்கிழமை என்பதால் மகிழ்ச்சி மறையுண்மைகள், அதாவது இயேசுவின் பிறப்பையும் சிறு வயதையும் தியானிக்கிற பகுதி. பத்து அருள் நிறைந்த மரியே சேர்ந்தது ஒரு 'பத்து மணி', அப்படி ஐந்துக்கும் சேர்த்து இருபது நிமிடம்தான் ஆகும், சின்னப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு பத்து மணி சொல்லக் கொடுங்கள், ஓடமாட்டார்கள். போன வருடம் மகள் மூன்றாவது பத்து மணி முடித்ததும் நிறுத்தி, "பாட்டி, இந்தக் கோவில்ல புதுநன்மை வாங்குன பிள்ளைங்க எல்லாம் இப்ப எங்க இருப்பாங்க?" என்று கேட்டாள் (புதுநன்மை என்றால் பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குவது). அத்தை கொஞ்சநேரம் தண்ணீரையே பார்த்தார். "அவங்களுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லு கண்ணு" என்றார். இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த ஊர்க் குடும்பங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே தனியாகச் சொல்கிறோம். நீங்கள் போனால் நீங்களும் சொல்லுங்கள்.

7. ஞாயிறு

சனி மதியம் தயிர்சாதம், தூக்கம், சாயங்காலம் ஹாசனில் ஒரு காப்பி. பேலூர், ஹளேபீடு பக்கம்தான், அவற்றை அடுத்த முறைக்கு வையுங்கள், அவசரமாகப் பார்க்கிற இடங்கள் இல்லை அவை. ஞாயிறு பூசை முடிந்து நிதானமாகச் சாப்பிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஆனால் ஊர் திரும்புகிற வண்டியெல்லாம் நெலமங்கலத்தில்தான் சேரும். மூன்று மணிக்குள் அதைத் தாண்டிவிட்டால் திங்கட்கிழமைப் பள்ளிச் சீருடையைத் தேய்த்து வைக்க நேரம் இருக்கும்.