கப்பல் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒரு கப்பல் கதை உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வட்டித்தொழில், வணிகம் செய்ய) போனவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வந்தால், பெரும்பாலும் அந்தக் கப்பல்களில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஆர்வத்தில் குறையில்லை, ஆனால் நாங்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, விடுபட்ட பகுப்பு (கட்டுரையின் வகைப்பாடு) போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை வழியோடு போகும் எந்தப் பயனரும் திருத்திவிடுவார்.

வீட்டு நினைவைச் சான்றாக வைப்பது

"எங்கள் ஐயா 1912-ல் ரஜூலாவில்தான் பினாங்கு போனார்" என்ற வரியை ஒருவர் கட்டுரையிலேயே சேர்த்திருந்தார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ரஜூலா நீரில் இறக்கப்பட்டதே 1926-ல்தான். பிற்காலத்தில் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புழங்கியதால், அதற்கு முன் போனவர்களையும் குடும்ப நினைவு அதே கப்பலில் ஏற்றிவிடுகிறது. முகப்பில் உட்கார்ந்து பெரியவர்கள் சொல்வதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு அச்சில் வந்த நூலையோ நாளிதழையோ தேடுங்கள். தகரப் பெட்டியில் கிடைக்கும் பயணச்சீட்டும் கடிதமும் ஐந்தொகையும் (வரவு செலவுக் கணக்கும்) எவ்வளவு அருமையானவையாக இருந்தாலும், வெளியிடப்படாதவை என்பதால் மேற்கோளாக நிற்கமாட்டா.

பெயர் ஒன்று என்பதால் கப்பலும் ஒன்று என்று எண்ணுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' கப்பலைப் பற்றி ஓர் இளைஞர் எழுதினார். அவருடைய அப்பச்சி (தந்தை) ஊர் திரும்பிய கப்பல் அது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்குவதற்கு முன் அது 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். அடுத்து இணையத்தில் 'பாஸ்டர்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட கப்பலின் வரலாற்றை அப்படியே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அது 1938-ல் நீரில் இறக்கப்பட்ட பாஸ்டர். 1940-ல் பிரான்சின் தங்க இருப்பைக் கனடாவுக்குக் கொண்டுசென்றதும், போரில் துருப்புகளை ஏற்றியதும், பின்னர் 'பிரேமன்' என்ற பெயரில் ஜெர்மானியரிடம் ஓடியதும், 1980-ல் உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படுகையில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியதும் அந்தக் கப்பல். சிதம்பரமாக மாறியதோ 1966-ல் கட்டப்பட்ட வேறொரு பாஸ்டர்.

விளைவாக, 1980-ல் கடலடிக்குப் போன கப்பல் 1985-ல் தீப்பிடித்ததாக எங்கள் கட்டுரை நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்த பத்திகளில் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பக்கத்தைத் திருத்துவதோடு இது முடிந்திருந்தால் நான் இவ்வளவு புலம்பமாட்டேன். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் கிடங்கான விக்கித்தரவில் இரண்டு கப்பல்களின் உருப்படிகளும் (பதிவுகளும்) ஒன்றாக இணைக்கப்பட்டுவிட்டதால், அதிலிருந்து தரவை எடுக்கும் தகவற்சட்டங்களும் (கட்டுரையோரச் சுருக்கப் பெட்டிகளும்) பிழையாகின. ஒரு நாளிதழின் இணைப்பிதழ் எங்கள் கட்டுரையைப் பார்த்தே ஒரு பக்கம் எழுதியது. பிழையை நீக்கப் போனபோது, அந்த இணைப்பிதழையே ஒருவர் சான்றாக நீட்டினார்! தன் நிழலையே சாட்சிக்கு அழைப்பது போன்ற இந்தச் சுழலிலிருந்து மீள, பக்க வரலாற்றைப் புரட்டி, எந்த வரி எந்த நாளில் முதலில் வந்தது என்று காட்ட வேண்டியிருந்தது.

ஆகவே எழுதத் தொடங்குமுன் மணல்தொட்டியில் (உங்கள் சோதனைப் பக்கத்தில்) ஒரு சிறு பட்டியல் போடுங்கள்: கட்டிய தளம், தள எண் (அத்தளம் கப்பலுக்கு இட்ட எண்), நீரில் இறக்கிய நாள், உரிமையாளர்கள், அடுத்தடுத்த பெயர்கள், முடிவு. இவற்றோடு பதிவு எண்ணையும் சேருங்கள். பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழிலக்க எண் மாறாது. பழைய பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அவற்றின் அதிகாரப்பூர்வப் பதிவு எண் அதே வேலையைச் செய்யும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கையில் இருப்பவை இரண்டு கப்பல்கள். போர்க்கப்பல்களிலும் இதே தொல்லை உண்டு: 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அழிந்தபின், அதே பெயரில் ஜெர்மனி 1916-லும் 1925-லும் வேறு கப்பல்களை நீரில் இறக்கியது. தலைப்பில் ஆண்டைச் சேர்த்து, ஒரே பெயருள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் ஒன்றையும் உருவாக்கிவிட்டால் அடுத்து வருபவர் தப்பிப்பார்.

எந்த டன் என்று பாராமல் எழுதுவது

பயணிகள் கப்பல்களுக்குச் சொல்லப்படும் பழைய பதிவு டன் எடையன்று. அது நூறு கன அடி கொள்ளளவு. டைட்டானிக்கின் 46,328 அத்தகையது. அக்கப்பலின் இடப்பெயர்ச்சி எடை (மிதக்கும்போது அது விலக்கும் நீரின் எடை) ஏறத்தாழ 52,310 டன். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து "பெரியது, சிறியது" என்று ஒப்பிடாதீர்கள்.

கப்பலை விட்டுவிட்டு ஆளை எழுதுவது

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் காலியா, லாவோ கப்பல்களைப் பற்றித் தொடங்கப்படும் கட்டுரைகள் மூன்றாம் வரியிலேயே வ.உ.சி.யின் வாழ்க்கை வரலாறாகிவிடுகின்றன. அவருக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. இங்கே அதற்கு இணைப்புக் கொடுத்தால் போதும்.

நாட்களைக் குழப்புவது

நீரில் இறக்கிய நாளும் முதற்பயண நாளும் வேறு வேறு.

பழைய படத்தைச் "சொந்தப் படைப்பு" என விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப் படக் கிடங்கில்) ஏற்றுவது

ஸ்கேன் செய்தவர் படமெடுத்தவர் அல்லர்.

கட்டுரைகளைச் சொல்லாமல் இணைப்பதும் பிரிப்பதும்

முதலில் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டுச் சில நாள் பொறுங்கள்.