நெல்லையில் வாடகை வீடு: ஊருக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலோ பெங்களூருவிலோ பல வருடம் வாடகைக்குக் குடியிருந்துவிட்டு, மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் வாடகைத் தொகையைக் கேட்டதுமே பாதி நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அங்கே இரண்டு அறைக்குக் கொடுத்த பணத்துக்கு இங்கே முன்வாசலும் புறவாசலுமாகத் தனி வீடே கிடைக்கும்போது, விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் அன்றைக்கே அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் வருகிற சங்கடங்களில் பெரும்பகுதி இந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது.

வீட்டைக் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்ப்பது இங்கே பெரிய தவறு. மகாராஜநகர், பெருமாள்புரம், கே.டி.சி. நகர் போன்ற பகுதிகளில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் மாடி வீடுகள். சித்திரை, வைகாசியில் அந்தத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய், படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரகர் சொல்லாததைச் சுவர் சொல்லிவிடும். டவுனில் இருக்கும் பழைய வளவு வீடுகளில் (ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் வரிசையாக இருப்பவை) இந்த வெக்கை இல்லை. தார்சா (முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அடுக்களை என்று ரயில் பெட்டி போல் நீண்டு கிடக்கும் அவ்வீடுகள் குளுமையானவை. ஆனால் வெளிச்சம் குறைவு, சிலவற்றில் எல்லாக் குடித்தனங்களுக்கும் ஒரே கழிப்பறைதான், சாமான் ஏற்றிய லாரி சந்துக்குள் நுழையாது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளுக்கு உள்ளே குடியிருப்பவர்கள் ஆனித் தேரோட்டத்தன்று வண்டியை வெளியே எடுக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். (தேர் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது வேறு விஷயம்.)

தாமிரபரணி ஓடுகிற ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைத்துக்கொள்வதும் சரியல்ல. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணீர்; அது எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த நேரத்தில் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். மற்றத் தேவைகளுக்கெல்லாம் போர் தண்ணீர்தான். அது சில இடங்களில் உப்பாக இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் கற்கண்டு போல் இருக்கும் என்பார். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்; பக்கத்து வீட்டு அம்மாவிடம் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள்.

தண்ணீரின் இன்னொரு முகத்தை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊர் பார்த்தது. ஆற்றில் வெள்ளம் பெருகி, ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமே தப்பவில்லை. அதற்குப் பிறகு சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்துவிட்டார்கள். ஆகவே சுவரைப் பார்த்துப் பயனில்லை. கதவு நிலையின் அடிப்பாகம் ஊதியிருக்கிறதா, அலமாரியின் கீழ்த்தட்டு மட்டும் புதிதாக இருக்கிறதா, சுவிட்சுப் பெட்டியை வழக்கத்தை விட உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பதைத் தெருமுனையில் துணி தேய்ப்பவர் கையைக் காட்டியே சொல்வார்.

இனி எழுத்து விஷயம். “அதெல்லாம் எதுக்கு தம்பி எழுதிக்கிட்டு? நாங்க எங்க ஓடிரப் போறோம்?” என்று வீட்டுக்கார அம்மா சொல்லும்போது அதில் பெரும்பாலும் கள்ளம் இருக்காது. ஆனால் அந்த அம்மாவிடம் பேசியது அந்த அம்மாவோடு போய்விடும். மறுவருடம் சாவியைத் திரும்ப வாங்க வருகிறவர் வெளியூரில் இருக்கும் மகனாக இருக்கலாம். என் முதல் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வெள்ளையடிப்புக்கு ஒன்றும் பிடிப்பதில்லை என்ற வாய்ப்பேச்சு மகனுக்குத் தெரியாததால் முன்பணத்தில் ஒரு மாத வாடகை கழிந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொண்டால் எந்தப் பதிவும் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இந்தப் பதிவுக்குச் செல்லாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது. படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதன் விலை இதுதான்.

இவை எல்லாவற்றையும் விடப் பணம் அதிகமாகச் சிக்குவது ஒத்தியில். மாத வாடகை கிடையாது, மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துக் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. இதைச் சிறு தொகை முத்திரைத்தாளில் எழுதி, ஒரு நோட்டரியின் முத்திரையோடு முடித்துக்கொள்கிறார்கள். சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தி அடமானம், இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகத்தான் செல்லும். பதியாத தாளை வைத்துக்கொண்டிருப்பவர் வீட்டின் மேல் எந்தப் பிடியும் இல்லாமல் வெறும் கடன் கொடுத்தவராகத்தான் நிற்பார். அந்த வீட்டை வங்கி ஏற்கெனவே அடமானமாகப் பிடித்து வைத்திருந்தால் வங்கிதான் முந்தும். ஆகவே பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். அதோடு நிற்காமல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டுமே இருக்கிறது, அசல் அண்ணன் வீட்டில் இருக்கிறது என்று பதில் வந்தால், அசல் எந்த வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

மின்சாரத்தில் ஏமாறுவது சிறு தொகைதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏமாறுவது. கீழ்வீடும் மாடிவீடும் ஒரே மீட்டரில் ஓடினால், இருவருக்கும் சேர்த்து ஒரு முறைதான் இலவச யூனிட் சலுகை கிடைக்கும். இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடும். தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டுக்காரரே வைத்த உள்மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

“சொந்த ஊரு எது? நீங்க எந்தப் பக்கம்?” என்று வீட்டுக்காரர் கேட்பது ஊர் அறிய அல்ல, சாதி அறிய. இது அருவருப்பான வழக்கம்தான். அதற்குப் பொய் சொல்லியோ, அசைவம் சமைப்பதை மறைத்தோ வீடு பிடிப்பவர்கள் பதினோரு மாதமும் ஜன்னலை அடைத்துக்கொண்டு மீன் பொரிக்க வேண்டியிருக்கும். கேட்கிற வீட்டை விட்டு அடுத்த தெருவுக்குப் போவதே மேல். ஆடியிலும் மார்கழியிலும் புதிதாகப் பால் காய்ச்ச வருகிறவர்கள் குறைவு என்பதால், அந்த மாதங்களில் தேடுகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் இவ்வளவு கேள்வி கேட்பதில்லை, வாடகையிலும் சற்று இறங்கி வருவார்கள்.

காலி செய்யும்போது முன்னறிவிப்பு இல்லாமல் சாமானை ஏற்றிவிடக் கூடாது. மின் மீட்டரின் கடைசி எண்ணையும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துக்கொண்டு, பழைய மின்கட்டண ரசீதோடு சாவியைக் கையில் கொடுங்கள். முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். பெருமாள்புரத்துப் புது வீட்டுக்காரர், நீங்கள் காலி செய்த வீட்டுக்காரரிடம் உங்களைப் பற்றி விசாரிக்க முன்பணம் வருவதற்கு முன்பே போன் போட்டிருப்பார்.