ஊருக்குப் போகுமுன் மெயில் போகிறதா பாருங்கள்

மொரிஷியஸிலிருந்து தமிழ்நாட்டுக்கு லேப்டாப்போடு போகிறவர்களைப் படுத்துவது ஒரு கோளாறு: மெயில் வரும், போகாது. வருகிறதே என்பதால் கணக்கு சரி என்று நம்பி, ஓட்டல் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மெயில் வாங்கும் சர்வர் வேறு, அனுப்பும் சர்வர் வேறு. இணைய நிறுவனம் கொடுத்த பழைய முகவரியாக இருந்தால், அனுப்பும் சர்வர் பல நேரம் வீட்டு லைனை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். திருச்சியில் போய் உட்கார்ந்தால் அதற்கு நீங்கள் யாரோ.

பூர்வீகம் தேடிப் போகிறவர்களுக்கு இது கழுத்தைப் பிடிப்பது அரசு அலுவலகத்தில். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் எடுத்த பாட்டனாரின் குடியேற்றப் பதிவைப் பத்திரமாக நீட்டுவீர்கள். கவுண்டரில் இருப்பவர் அதைத் தொடக்கூட மாட்டார். "ஸ்கேன் பண்ணி இந்த ஐடிக்கு மெயில் போட்டுடுங்க, சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிறதுக்குள்ள வரணும்." பக்கத்தில் பங்காளி முறைக்காரர் நிற்பார். நிலத்தில் பங்கு கேட்கமாட்டோம் என்று ஒரு கடிதம், கையெழுத்தோடு, அதே மெயிலில் போகவேண்டும் அவருக்கு. "ஒரு மெயில்தானே தம்பி!" நாலு தலைமுறையாக ஒரு கடுதாசி போடாத குடும்பம் நாம். சர்வர் மறுக்கிறது என்றால் அவர் நம்புவாரா?

ஆகவே சோதனையைப் புறப்படுமுன் வீட்டிலேயே செய்யுங்கள். வீட்டு வைஃபையை அணைத்து, வேறு நிறுவனத்தின் சிம் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். போகவில்லையா, மெயில் புரோகிராமில் அனுப்பும் சர்வர் அமைப்பைத் திறங்கள். போர்ட், அதாவது மெயில் வெளியேறும் வாசலின் எண், 25 என்று இருந்தால் அதுதான் வினை. ஸ்பேம் தொல்லையால் பல நிறுவனங்கள் அதை அடைத்துவிட்டன. 587 போட்டுப் பாதுகாப்பு முறையில் ஸ்டார்ட்டிஎல்எஸ், அல்லது 465 போட்டு எஸ்எஸ்எல் என்று தேர்ந்தெடுங்கள். யூசர் நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரி. பழைய அவுட்லுக்கில் 'அனுப்பும் சர்வருக்கும் அடையாளம் தேவை' என்ற கட்டத்தில் டிக் போடவேண்டும். தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வர்களின் பட்டியல் இடப்பக்கம் கடைசியில் தனியாக இருக்கும்.

பிழைச் செய்தியை மூடிவிடாமல் எண்ணைப் படியுங்கள். 550, கூடவே 'ரிலே' என்று வந்தால் சர்வர் உங்களை அந்நியராகப் பார்க்கிறது. 535 என்றால் யூசர் நேமோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. எண்ணே இல்லாமல் நேரம் கடந்துவிட்டது என்றால் பெரும்பாலும் போர்ட் அடைப்பு.

ஜிமெயிலைப் பழைய மெயில் புரோகிராமில் வைத்திருப்பவர்கள், முதன்மைக் கடவுச்சொல்லுக்குப் பதில் கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் பயன்படுத்துவார்கள். புது நாட்டிலிருந்து நுழைந்ததும் எச்சரிக்கை வரும். பதறிப்போய் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். புதிதாக எடுக்க உள்ளே நுழையவேண்டும், அதற்கான குறியீடு மொரிஷியஸ் நம்பருக்குப் போகும். ரோமிங்கை இங்கேயே திறந்துவிட்டுப் போங்கள். குறியீடு தரும் ஆப் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்திய நேரம் ஒன்றரை மணி முன்னால் என்று போன் கடிகாரத்தைக் கையால் தள்ளிவைக்காதீர்கள். நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். தள்ளினால், நேரத்தை வைத்து உருவாகும் அந்தக் குறியீடுகளில் ஒன்றுகூடச் செல்லாது.

ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. இணைப்பு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதால், 18 எம்பிக்கு மேல் வைக்காதீர்கள். 600 டிபிஐ கலர் ஸ்கேன் எதற்கு? 200 டிபிஐ கருப்பு வெள்ளையே படிக்கும். பெரிய இணைப்போடு அவுட்பாக்ஸில் சிக்கிய மெயில் பின்னால் வருபவற்றையும் மறிக்கும். ஆஃப்லைனுக்குப் போய் அதை டிராஃப்டுக்கு இழுத்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

எதுவும் நடக்காவிட்டால் பிரவுசரில் வெப்மெயில் திறந்து அனுப்பலாம். போர்ட் தகராறு அங்கே இல்லை. ஆனால் புரோகிராம் பல வருடமாக நினைவில் வைத்திருக்கும் அந்தக் கடவுச்சொல் உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.