முன்கதையிலேயே கணக்கை முடித்துவிடாதீர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் காரைக்குடியில் நண்பர் வீட்டு வளவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடக் கூடுவோம். ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். நான் டிஎம், அதாவது கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். ஆடுபவர்கள் ஐந்து பேர். போர்க்களத்துக்கென்று தனி விரிப்பு கிடையாது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான். ஆட்டக் கணக்கில் ஒரு கல் ஐந்தடி. அரக்கர்களுக்குப் புளியங்கொட்டை, ஆட்களுக்குச் சோழி. ஆறு வருஷமாக ஓடும் இந்த ஆட்டத்தில் விதியைப் பற்றி வந்த சண்டையைவிட முன்கதையால், அதாவது கேரக்டர் ஆட்டத்துக்குள் வருமுன் வாழ்ந்ததாக எழுதும் கதையால், வந்த மனத்தாங்கல்தான் அதிகம். பாதிக்கு மேல் என் தப்பு.

முதலில் ஆடுபவர் செய்கிற தவறு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய மந்திரவாதி மூன்று நாடுகளை மீட்டவர், டிராகனைக் கொன்றவர், ராஜகுரு பதவி வேண்டாமென்று உதறியவர். கேரக்டரின் பலத்தைக் குறித்துவைக்கும் ஷீட்டில் பார்த்தால் லெவல் 1, அடிப்படி. நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6, உடல்வலு இருந்தால் கொஞ்சம் கூடும்; அது தீர்ந்தால் ஆள் விழுந்துவிடுவார். இவருக்கு 7. கோப்ளின் என்கிற சாதாரண குட்டி அரக்கன் கத்தி வீசினால், ஆறுமுகப் பகடையில் விழுவதோடு 2 சேர்ந்ததுதான் அடி. 5 விழுந்தது, ஆக 7. டிராகனைக் கொன்றவர் அரை மணி நேரத்தில் வாய்க்கால் ஓரம் சுருண்டு கிடந்தார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் முகம் சுண்டிப்போனது.

எங்கள் பக்கம் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் எடுத்த எடுப்பில் மேலாளாக உட்கார்ந்துவிடவில்லை. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். முதல் லெவல் கேரக்டர் பெட்டியடிப் பையன். கப்பலேறிய காரணத்தை எழுதினால் போதும், சம்பாதித்த சொத்தை ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். வயதான, அடிபட்ட ஆளாக ஆட ஆசை என்றால் அதற்கும் வழி உண்டு: ஜெயித்தவராக எழுதாமல் இழந்தவராக எழுதுங்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கடை, நிலம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் உண்டு. அனுபவம் மலையளவு இருந்தது, மடியில் காசில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு 7 புள்ளி என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பதினான்கு பக்கத்தில் நீளம்கூட எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அதில் பாக்கி என்று ஒன்றுமே இல்லை, அதுதான் குறை. எதிரி செத்தாயிற்று, சாபம் தீர்ந்தாயிற்று, காதலி காத்திருந்து கைப்பிடித்தாயிற்று. இதற்கு மேல் நான் எங்கே கை வைப்பது? முன்கதை வரலாறு மாதிரி இருக்க வேண்டியதில்லை, ஐந்தொகை மாதிரி இருக்க வேண்டும். இன்றைய தேதிக்கு யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், அவ்வளவுதான். 2014 விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பிணைப்பும் ஒரு குறையும் எழுதச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அதற்குப் புத்தகம் தரும் பட்டியலில் பகடை உருட்டி எடுப்பதைவிட நாமே யோசித்து எழுதுவது நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது அநாதைப் பிரச்சினை. ஒரு கேம்பெய்னில், அதாவது வாரக்கணக்கில் ஓடும் ஒரு தொடர்கதையில், ஐந்து பேரில் நான்கு பேர் அநாதை, எல்லோர் கிராமமும் எரிந்து போயிருந்தது. ஆட்டம் நடக்கும்போது நண்பரின் அப்பத்தா தேன்குழல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சோழியைக் காட்டி, “இது யார் வீட்டுப் புள்ள? எந்தக் கோயிலு?” என்றார். நகரத்தாருக்குக் குலப்பிரிவாக ஒன்பது கோயில். இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று தெரியாமல் அப்பத்தாவுக்குப் பேச்சு ஓடாது. கேட்கப்பட்டது காட்டில் திரியும் எல்ஃப் வில்லாளி.

“அவனுக்கு யாருமில்ல அப்பத்தா.”

“அப்ப செத்தா யாருக்குச் சொல்லி விடுவீக?”

அன்றிலிருந்து நான் புது ஆளிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நீ செத்தால் யாருக்குச் சொல்லி விடுவது? பதில் ஒரு பெயராக இருக்க வேண்டும், அந்தப் பெயருக்கு ஒரு ஊர் இருக்க வேண்டும். வீடு எரிந்தே தீர வேண்டுமென்றால் எரியட்டும், அத்தை பக்கத்து ஊரில் இருக்கட்டும்.

சோம்பல்பட்டுத்தான் எல்லோரையும் சாகடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் காரணம் நானேதான். அதற்கு முந்தைய கேம்பெய்னில் ஒருவர் தங்கைக்குப் பெயர் வைத்தார், மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாம் நாள் ஆட்டத்தில், அவளைக் கடத்தினேன். இன்னொருவர் குருவைப் பற்றி ஆசையாக எழுதினார், குருவைக் கொன்றேன். பெயர் வைத்தால் டிஎம் பிடித்துக்கொண்டு போவார் என்று தெரிந்தபின் யார் பெயர் வைப்பார்கள்? இப்போது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஓர் உறவால் தொல்லை வந்தால், அடுத்த இரண்டு உறவால் நல்லது வர வேண்டும். மாமன் குதிரை இரவல் தரட்டும். அம்மா பலகாரம் கொடுத்தனுப்பட்டும்.

ஒரு தடவை குள்ளர் கேரக்டரின் தங்கைக்குக் கல்யாணம் வைத்தேன். ஐந்து பேரும் மொய் எழுத உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்று வந்தவன் எதிரிப் படைத்தலைவன். 101 பொற்காசு வைத்து, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, சாப்பிடப் போய்விட்டான். யாரும் வாளை உருவவில்லை. கல்யாண வீட்டில் எப்படி உருவுவது? மொய்யை வாங்கியாயிற்று, ஏட்டில் ஏறியாயிற்று, அவன் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்குப்பின் நான்கு செஷன் அந்த 101 காசைச் சுற்றியே ஓடியது. தங்கையைக் கடத்தியிருந்தால் ஒரே சண்டையில் முடிந்திருக்கும்.

இனி சொல்லப்போவதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒருவர் தன் கேரக்டரின் அப்பா கடலில் காணாமல் போனதாக ஒரே வரி எழுதியிருந்தார். அவரைக் கேட்காமலே அந்த அப்பாவைப் பேய்க்கப்பல் தலைவனாகக் கொண்டுவந்து, மகனையே அடையாளம் தெரியாதபடி பேச வைத்தேன். அருமையான திருப்பம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவர் எழுந்து முகப்புப் பக்கம் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய சொந்த அப்பா தவறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆட்டத்தின் மும்முரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஒருவர் எழுதிக்கொடுத்த ஆளை மாற்றுவதென்றால் முன்கூட்டித் தனியாகக் கேட்க வேண்டும். திருப்பம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. “உங்க அப்பா கதையில கை வைக்கலாமா?” என்றால் போதும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் ஜீரோ செஷனிலேயே எதைத் தொடக்கூடாது என்று கேட்டுவிடலாம். இத்தனைக்கும் மேல் நடுவில் தவறு நேர்ந்தால் ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு இருக்கிறது. எக்ஸ் போட்ட அட்டை ஒன்று நடுவில் கிடக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. எங்களுக்கு அது அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி மூடி.

சின்னத் தவறுகளும் உண்டு. பெரிய ரகசியத்தை டிஎம்முக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அறியாத ரகசியத்துக்கு நான் கதவு வைக்க முடியாது, அது அவரோடேயே போய்விடும். ஒருவர் எழுதியது சுவையாக இருக்கிறதென்று ஆறு வாரம் அவர் கதையையே ஓட்டுவது டிஎம் செய்கிற தவறு. மற்ற நால்வரும் போனை எடுத்துவிட்டால் வேறொருவர் கதைக்கு மாற வேண்டிய நேரம் என்று அர்த்தம். உலகத்துக்குப் பொருந்தாத ஆளைக் கொண்டுவந்தால் மறுப்பதைவிட, “இந்த ஊர்ல அதுக்கு என்ன பேரு?” என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவரே திருத்திக்கொள்வார்.

வாய்க்கால் ஓரம் கிடந்த மந்திரவாதியை அன்றைக்கு வைத்தியர் கேரக்டர் பிழைக்க வைத்துவிட்டார். மறுவாரம் அந்த மந்திரவாதியை ஆடியவர் பதினான்கு பக்கத்தை எறிந்துவிட்டு, ஒரே ஒரு தாளோடு வந்தார். கடைசி வரி: “குருவுக்குத் தெரியாமல் எடுத்துவந்த புத்தகம், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.” ஒன்பது மாதம் நான் அதைத் தொடவே இல்லை. போன சனிக்கிழமை குருவிடமிருந்து ஓலை வந்தது. புத்தகம் போகட்டும், இத்தனை நாளுக்கு வட்டி என்ன என்று கேட்டிருந்தார்.