செயற்கை ஸ்வேட் துணியில் மேல்தையல் போடும் முறை

மென்தோல் போலத் தோன்றும் செயற்கை ஸ்வேட் துணியில், இரு துண்டுகளை இணைக்கும் மூட்டுத் தையலை விரித்து இஸ்திரி போட முயன்றவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரிந்திருக்கும். சூடு போதாவிட்டால் விளிம்பு மறுபடியும் எழுந்து நிற்கும். சூட்டைக் கூட்டினாலோ பாலியெஸ்டர் இழைகளாலான துய் (துணியின் மேற்பரப்பிலுள்ள மென்மயிர்) நசுங்கி, எளிதில் மறையாத பளபளப்பான தடம் விழும். ஆகவே பருத்தித் துணியில் பெரும்பாலும் அழகுக்காக, வெளிப்புறம் தெரியும்படி போடப்படும் மேல்தையல், இந்தத் துணியில் இஸ்திரி செய்ய முடியாத வேலையையும் சேர்த்துச் செய்கிறது: உள்ளே இருக்கும் விளிம்பைத் துணியோடு பிடித்துப் படிய வைக்கிறது.

இதில் தவறு நேர்ந்தால் பிரித்துத் திருத்துவது கடினம். அடர்த்தியான ஸ்வேட்டில் ஊசித் துளைகள் அப்படியே நின்றுவிடக்கூடும் என்பதால், தைக்கும் துணியின் கழிவுத் துண்டுகளை எடுத்து, உண்மையான மூட்டில் எத்தனை மடிப்புகள் வருமோ அத்தனை மடிப்புகளாக அடுக்கி முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒற்றை மடிப்பில் சரியாக வந்த தையல் நான்கு மடிப்பில் தடுமாறுவது வழக்கம். ஆகையால் ஒற்றைத் துண்டில் செய்யும் சோதனையால் பயன் குறைவு.

ஊசியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஊசி கீழே இறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் ஒரு சிறு கண்ணியாக விரிகிறது. ஊசிக்கு அடியில் சுழலும் ஷட்டிலின் கூர்முனை அந்தக் கண்ணியைப் பிடித்தால்தான் தையல் விழும். நெருக்கமான ஸ்வேட், ஊசியை இறுகப் பற்றிக்கொண்டு அதனுடனேயே மேலெழும்புவதால், கண்ணி விரியாமல் தையல் விட்டுப்போகிறது. நூல் இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். கோளாறு பெரும்பாலும் ஊசியில்தான் இருக்கும். சாதாரண நூலுக்கு 80 அல்லது 90 எண்ணுள்ள, கூர்முனை கொண்ட புதிய மைக்ரோடெக்ஸ் ஊசி பொருந்தும். தடித்த மேல்தையல் நூலுக்குக் காது பெரிதாக உள்ள, 90 அல்லது 100 எண் மேல்தையல் ஊசி தேவை. அப்படியும் தையல் விட்டுப்போனால், 75 அல்லது 90 எண் ஸ்ட்ரெட்ச் ஊசியை மாட்டிப் பார்க்கலாம். ஷட்டில் கண்ணியை எளிதில் பிடிக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. பார்வைக்குத் தோல் போல இருக்கிறதே என்று தோலுக்கான ஊசியைப் போட வேண்டாம். அதன் வெட்டுமுனை அடித்துணியின் இழைகளை அறுத்துவிடும்.

மேல் நூல் தடித்ததாக இருந்தாலும் கீழ் நூல் சுற்றிய பாபினில் சாதாரண பாலியெஸ்டர் நூலே போதும். பாபின் நூல் மேலே புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். தையல் நீளத்தை 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை வைப்பது நல்லது. குட்டையான தையல்கள் துய்க்குள் புதைந்து மறைவதோடு, நெருக்கமான துளைகளால் துணியைப் பலவீனப்படுத்தவும் செய்யும். நூலின் நிறம் அவரவர் விருப்பம். ஆனால் எதிர் நிறம் சிறு கோணலையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், முதல்முறை தைப்பவருக்குத் துணியைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தையே பரிந்துரைப்பேன்.

அடுத்த சிக்கல், அடுக்குகள் நகர்வது. கீழ்ப் பற்கள் அடித்துணியை இழுத்துச் செல்ல, மேல்துணியோ அழுத்துபாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும். இல்லாவிட்டால் துணியில் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் பாதத்தை மாட்டலாம், பாதத்தின் அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கலாம். குண்டூசிக்குப் பதிலாகக் கிளிப்புகளைப் பயன்படுத்தினால் துளை விழாது.

மூட்டின் உள்விளிம்புகளை விரல்களால் விரித்து, உட்புறத்திலிருந்து மெல்லிய துணி போட்டுக் குறைந்த சூட்டில் இலேசாக அழுத்தியபின் தைக்கத் தொடங்கலாம். அப்படி அழுத்தும்போது கீழே அதே ஸ்வேட்டின் துண்டு ஒன்றைத் துய் மேல்நோக்கி இருக்குமாறு விரித்துக்கொண்டால், துணியின் துய் நசுங்காது. மூட்டுக்கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி ஒரு வரி, வேண்டுமானால் 6 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வரி என்று தைக்கலாம். இரு வரிகளையும் ஒரே திசையில், இயன்றால் துய் படியும் திசையில், தைத்தால் துணி முறுக்கிக்கொள்ளாது. கண் ஊசியைப் பார்க்காமல், பாதத்தின் விளிம்பு மூட்டுக்கோட்டை ஒட்டிச் செல்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். துணியைப் பின்னாலிருந்து இழுப்பதும் கூடாது. ஊசி வளைந்து தையல் சீர்கெடும்.

மூலை வந்ததும் கைச்சக்கரத்தைச் சுழற்றி ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். தடித்த மூட்டைக் கடக்கையில் பாதம் பின்புறம் சாய்ந்தால், மடித்த துண்டு ஒன்றைப் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் வைத்து மட்டமாக்கலாம். அந்த இடத்தை மோட்டாரை நம்பாமல் கைச்சக்கரத்தாலேயே ஒவ்வொரு தையலாகக் கடப்பது பாதுகாப்பானது.

வெளியே தெரியும் இடத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போட்டால் நூல் குவிந்து அசிங்கமாகத் தெரியும். அதற்குப் பதிலாக இரு முனைகளிலும் 10 சென்டிமீட்டர் நூலை விட்டு, கைஊசியில் கோத்து மேல் நூலை உட்புறம் இழுத்து, பாபின் நூலுடன் சேர்த்து இருமுறை முடிச்சிட்டு, மீதியை விளிம்பு மடிப்புக்குள் செருகி நறுக்க வேண்டும்.