வியூஃபைண்டரில் எந்தக் கண்ணை வைப்பது?

கேமராவை முதன்முதலாகக் கையில் வாங்கும் ஒருவர் அதன் வியூஃபைண்டரை, அதாவது கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் துளையை, எந்தக் கண்ணருகே கொண்டுபோகிறார் என்று கவனித்துப் பாருங்கள். கொத்தனார் நூல் பிடித்துச் சுவரின் நேரைப் பார்க்கும்போது ஒரு கண் தானாக மூடிக்கொள்வதைப் போல, இங்கும் ஒரு கண் யோசனையின்றி முன்வருகிறது. அதையே ஆதிக்கக் கண் என்கிறோம். ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு அது வலக்கண். எஞ்சியோரில் பெரும்பாலோருக்கு இடக்கண். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வலக்கையால் எழுதி இடக்கண்ணால் குறிபார்ப்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பது விளங்கும். கேமராக்களோ, விரல்விட்டு எண்ணத்தக்க விதிவிலக்குகள் தவிர, வலக்கைக்கும் வலக்கண்ணுக்கும் என்றே வடிவமைக்கப்பட்டவை.

உங்கள் ஆதிக்கக் கண் எது என்பதை இரண்டு நிமிடத்தில் அறியலாம். இரு கைகளையும் முன்னால் முழுமையாக நீட்டி, கட்டைவிரல்களும் மற்ற விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சேர்த்து, நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இடைவெளியை விடுங்கள். மூன்று நான்கு மீட்டர் தொலைவில் சுவரில் இருக்கும் கடிகாரத்தையோ மின்விளக்கின் பொத்தானையோ, இரு கண்களும் திறந்திருக்க, அந்த இடைவெளிக்குள் கொண்டுவாருங்கள். பிறகு கையை அசைக்காமல் ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அங்கேயே இருந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆதிக்கக் கண். மறைந்துவிட்டால் மூடிய கண். ஒரு கண்ணை மட்டும் மூட வராதவர்கள், பொருளின்மீது வைத்த பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முகத்தை நோக்கி இழுத்தால் போதும். அவை தாமாகவே ஒரு கண்ணின்முன் வந்து நிற்கும். ஒரு கையை மட்டும் நீட்டிச் செய்தால் அந்தக் கையின் பக்கமே முடிவு சாயக்கூடும் என்பதால் இரு கைகளையும் பயன்படுத்துவது அவசியம். பொருள் நேர் எதிரே இருக்க வேண்டும். ஓரமாகப் பார்க்கும்போது ஆதிக்கம் மறு கண்ணுக்கு மாறுவதும் உண்டு. ஐந்தாறு முறை செய்து பாருங்கள். முடிவு மாறி மாறி வந்தால் உங்களுக்கு ஆதிக்கம் வலுவாக இல்லை என்று பொருள். அது குறையன்று, எந்தக் கண்ணையும் பழக்கிக்கொள்ளலாம் என்ற வசதி.

இந்தச் சோதனை மிகப் பழையது. இத்தாலியரான ஜாம்பத்திஸ்தா டெல்லா போர்ட்டா, 1593இல் வெளியான தம் நூலில், ஒரு கோலை முன்னால் பிடித்துத் தொலைவிலுள்ள பொருளோடு நேர்ப்படுத்தும் முறையை விளக்கியிருக்கிறார். நம் கண்கள் இரண்டும் சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், அருகிலுள்ள கோலும் தொலைவிலுள்ள பொருளும் இரு கண்களுக்கும் ஒரே நேர்கோட்டில் அமைய முடியாது. மூளை ஏதேனும் ஒரு கண்ணின் கோட்டைத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். துப்பாக்கியிலும் உண்டிவில்லிலும் கண் என்பது குறியின் ஒரு பகுதி. கண் மாறினால் குறி தவறும். எஸ்எல்ஆர் (லென்ஸின் காட்சியை உள்ளிருக்கும் கண்ணாடியால் கண்ணுக்குத் திருப்புவது), மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இன்றிச் சிறு மின்திரையில் காட்டுவது) கேமராக்களில் குறிபார்ப்பது லென்ஸ். நாம் பார்ப்பது அது காட்டும் படத்தை மட்டுமே. எந்தக் கண்ணை வைத்தாலும் சட்டகம் ஒரு மயிரிழையும் நகராது. எனவே ‘இடக்கண் ஆதிக்கமுள்ளவர் வலக்கண்ணால் எடுத்தால் படம் கெட்டுவிடும்’ என்பதை நம்ப வேண்டியதில்லை. வேறுபாடு வருவது மூன்று இடங்களில்: பார்வையின் கூர்மை, மறு கண் திறந்திருக்கும்போது எழும் குழப்பம், கேமராவின் உடல் முகத்தில் உட்காரும் விதம்.

கூர்மையை முதலில் பாருங்கள். ஆதிக்கக் கண்தான் கூர்மையான கண் என்பதற்கு உறுதி இல்லை. ஒவ்வொரு கண்ணையும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். வேறுபாடு பெரிதாகத் தெரிந்தால், முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்கு, ஆதிக்கம் எதுவாயினும், தெளிவான கண்ணே ஏற்றது என்பது என் கருத்து. அதன்பின் டயாப்டர் சக்கரம், அதாவது வியூஃபைண்டரின் தெளிவை அவரவர் கண்ணுக்கேற்பச் சரிசெய்யும் சிறு சக்கரம். கேமராவை வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்து, காட்சியைப் பார்க்காமல், வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் கோடுகளையும் மட்டும் பாருங்கள். சக்கரத்தைக் கூட்டல் குறியின் கோடிவரை திருப்பி, அங்கிருந்து மெல்லத் திரும்பி வந்து, எழுத்துகள் முதன்முதலாகத் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். எதிர்த்திசையிலிருந்து வந்தால் கண் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு பொய்யான தெளிவைக் காட்டும். பல கேமராக்களில் இந்தச் சக்கரம் மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரைதான் போகும். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) உள்ளவர்களுக்கு அது உதவாது; அவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல் படமெடுப்பதே சரி. கண்ணை மாற்றினால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு, லென்ஸில் கோளாறு என்று கடைக்குப் போனவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

இடக்கண்காரர்களின் உண்மையான சிக்கல் மூக்கு. வியூஃபைண்டர் நடுவிலிருக்கும் கேமராவில் இடக்கண்ணை வைத்தால், மூக்கும் வலக்கன்னமும் திரையின்மீது அழுந்தி, வலது கட்டைவிரலுக்கு இடமில்லாமல் போகிறது. தொடுதிரை உள்ள கேமராவில் இன்னொரு தொல்லை: மூக்கின் நுனி பட்டவுடன் ஃபோகஸ் புள்ளி எங்கோ ஓடிவிடும். மெனுவில், வியூஃபைண்டரைப் பார்க்கும்போது திரையின் எந்தப் பகுதி தொடுதலை ஏற்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் வசதி பல கேமராக்களில் உண்டு. வலது மேல் மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடக்குங்கள். கட்டைவிரல் எட்டும், மூக்கு எட்டாது. அந்த வசதி இல்லையெனில் தொடுதலையே அணைத்துவிட்டு, ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் சிறு குமிழான ஜாய்ஸ்டிக்கைப் பயன்படுத்தலாம். கண்ணருகே பொருந்தும் ரப்பர் வளையத்தைச் சற்றுப் பெரியதாக மாற்றினாலும் முகம் சில மில்லிமீட்டர் பின்வாங்கும். பழைய ஃபிலிம் கேமரா ஆர்வலர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் ஒளிமானியை இயக்க, ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்து வைத்திருக்க வேண்டும். வலக்கண்ணால் பார்ப்பவருக்கு அது பொருட்டில்லை. இடக்கண்ணால் பார்ப்பவருக்கோ அது நேராக நெற்றியில் குத்தும். ஃபிலிமை மோட்டாரால் நகர்த்தும் துணைக்கருவியான மோட்டார் டிரைவைப் பொருத்துவதே அதற்குத் தீர்வு.

நெடுக்குவாட்டில் படமெடுக்கும்போது மட்டும் இடக்கண்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. வழக்கமாகக் கைப்பிடி மேலே வருமாறு கேமராவைத் திருப்புவார்கள். அதைக் கைவிட்டு, கைப்பிடி கீழே வருமாறு திருப்புங்கள். வியூஃபைண்டர் இப்போது கேமராவின் வலது விளிம்புக்கு வந்துவிடுவதால், மூக்கும் வலக்கண்ணும் வெளியே விடுபடுகின்றன. வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருப்பதால் நடுக்கமும் குறைகிறது. வலக்கண்காரர்களுக்கு மாறாக, கைப்பிடி மேலே இருப்பதுதான் இடக்கண்ணை விடுவிக்கும்.

மறு கண்ணைத் திறந்து வைப்பது பழகத்தக்க திறமை. கிரிக்கெட்டிலோ பறவைகளிலோ, சட்டகத்துக்குள் எதுவும் நுழையுமுன்பே அது வருவதை மறு கண் சொல்லிவிடும். ஆதிக்கக் கண் வியூஃபைண்டரிலும் மற்றது வெளியிலும் இருந்தால் பழகுவது எளிது. மாற்றி வைத்தால் வெளிக்காட்சி வந்து வந்து உள்காட்சியை மறைக்கும். ஆதிக்கச் சோதனை மெய்யாகவே பயன்படும் இடம் இதுதான். வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் 0.7 மடங்காக உள்ள முழுச்சட்டகக் கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) ஜூமைச் சுமார் 70 மில்லிமீட்டரில் வைத்து, கேமராவை நெடுக்காகப் பிடித்து இரு கண்களையும் திறந்தால், உள்ளே தெரிவதும் வெளியே தெரிவதும் ஒரே அளவில் பொருந்தி, காற்றில் ஒரு சட்டகம் மட்டும் மிதப்பதுபோல் தோன்றும். அங்கிருந்து பழகத் தொடங்கிப் படிப்படியாக நீண்ட லென்ஸுக்குப் போகலாம்.

லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் நிலைமை வேறு. 1954இல் வந்த லைக்கா எம்3 முதல், வியூஃபைண்டர் இடது மேல் மூலையில் இருக்கிறது. சோனி ஏ7சி போன்ற இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் சிலவற்றிலும் வியூஃபைண்டர் அங்கேதான். வலக்கண்ணை வைத்தால் மூக்கு கேமராவுக்கு வெளியே நிற்கும், இடக்கண் எதிரே நடப்பதையெல்லாம் பார்க்கும். இடக்கண்ணை வைத்தாலோ அந்த வடிவமைப்பின் பயன் முழுவதும் போய்விடும். ஆதிக்கம் வலுவாக இல்லாத இடக்கண்காரர் இத்தகைய கேமராவை வாங்கினால், சில வாரங்கள் பொறுத்து வலக்கண்ணுக்கு மாறுவது தகும். வலுவாக இருந்தால், வாங்குமுன் கடையில் கால்மணி நேரமாவது கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.